தலையில் விழும் எதுகை: ஈசூனில் உருவான ஒரு ராப் ஆல்பத்தின் நிகழ்வு ஆய்வு

2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிக்ஸிங் வரைக்கும் முடித்து வைத்திருந்த ஏழு பாட்டுகளை நாங்கள் ஓரங்கட்டினோம். பதினான்கு மாதம் கழித்து, 2024 மே மாதம், அதே ஆளின் குரலில் ஒன்பது பாட்டுகளோடு வேறோர் ஆல்பம் வெளியானது. முதல் ஏழில் இருந்த ஒரு வரிகூட இதில் கிடையாது. இடையில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரில் தமிழில் ராப் எழுதும் பிள்ளைகளில் பலர் நாங்கள் முட்டிக்கொண்ட அதே சுவரில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

பாடியவன் பெயரை எழுதவில்லை. அண்டர்கிரவுண்டில் அவனுக்கு ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். இரண்டையும் ஒரே இடத்தில் போட வேண்டாம் என்றான். தம்பி என்றே வைத்துக்கொள்வோம், நான் அப்படித்தான் கூப்பிடுவேன். நான் கல்யாண மேடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலி அமைத்துப் பிழைப்பவன். அவன் பாட்டுகளைப் பதிவு செய்ததும் மிக்ஸ் செய்ததும் நான்தான். முதல் முறை நடந்த பிழைகளில் பாதி என்னுடையவை.

முதல் ஏழு

தமிழ் ராப்புக்கு வழி போட்டது நமக்குப் பக்கத்து வீடு. மலேசியாவின் போயடிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ ஆல்பத்தை எங்கள் வயதுப் பையன்கள் பாடப்புத்தகத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம். இந்தக் கரையில் லேடி காஷ், கிரிஸ்ஸியோடு சேர்ந்து 2010இல் ‘எந்திரன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடினார். பிறகு யங் ராஜா தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலந்து வெளியூர்க் காதுகளுக்கும் கொண்டுபோனார். தம்பிக்கு இவர்கள் எல்லோர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் அவன் எடுத்த முடிவு வேறு: முழு ஆல்பமும் தமிழிலேயே இருக்க வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. வழி எவ்வளவு குறுகலானது என்று தெரிந்தேதான் இறங்கினான்.

முதல் பாட்டின் முதல் நான்கு வரிகள் இவை:

எரிமலை நானே வெடிக்கிறேன்
எதிரியை நானே முடிக்கிறேன்
மேடையில் ஏறி அடிக்கிறேன்
மேகத்தைக் கிழிச்சுக் குடிக்கிறேன்

கேட்க வேகமாகத்தான் இருந்தது. நானும் அன்றைக்குத் தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதுதான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. தமிழில் வினைச்சொல் வரியின் கடைசியில் வந்து உட்காரும். அதன் வாலில் கிறேன், ட்டேன், ப்பேன், டா என்று ஒரு விகுதி ஒட்டிக்கொள்ளும். எந்த வினையை எடுத்தாலும் வால் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்கில ராப்பில் வரிக்கடைசியில் ஒலி ஒத்து வருவதற்கு எழுதுபவன் மெனக்கெட வேண்டும். நம் மொழியில் இலக்கணமே அதைச் சும்மா கொடுத்துவிடுகிறது. கேட்பவன் காதுக்கு இது தெரியும். இரண்டாவது வரியிலேயே அடுத்த வால் என்ன என்று ஊகித்துவிடுவான், அதற்குப் பிறகு அவனுக்குக் காத்திருக்க ஏதும் இல்லை.

இன்னொரு சிக்கல் மாத்திரை. ஆங்கிலத்தில் பாடுபவர் ஓர் உயிரொலியை இழுத்துத் தாளத்தை நிரப்பலாம், சொல் கெடாது. தமிழில் ‘விடு’வை இழுத்தால் ‘வீடு’. ‘பட்டு’ இழுபட்டால் ‘பாட்டு’. ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். மூன்றாவது பாட்டில் ‘என்னை விடு’ என்று எழுதியிருந்தான். தாளத்துக்காக இழுத்துப் பாடியதில் அது ‘என்னை வீடு’ என்று பதிவாகியிருந்தது. அவன் அத்தைமகள் கேட்டுவிட்டு, “வீடு வாங்கப் போறியா?” என்றாள். நாங்கள் அதுவரை கவனிக்கவே இல்லை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை என்று உயர்நிலைப்பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது மைக் முன்னால் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

பேச்சும் அவனுடையது இல்லை. 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தம்பி அதற்குப் பிறகு பள்ளிக்குப் போன தலைமுறை. வீட்டில், புளோக்குக்குக் கீழே, கோப்பிக்கடையில் அவன் பேசும் தமிழில் அலுப்பும் அன்பும் அப்படியே வரும். மைக்கைக் கையில் கொடுத்ததும் சென்னைப் படத்து அடியாள் போலப் பேச ஆரம்பித்துவிடுவான். சினிமா எங்கள் காதில் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு விநாடி வயலின்

ஏழு பாட்டுகளில் ஒன்றை 2022 கடைசியில் தனியாக வெளியிட்டுப் பார்த்தோம். அதன் அடியில் 1970களின் ஒரு திரைப்பாட்டிலிருந்து நான்கு விநாடி வயலினை வெட்டி, வேகம் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தேன். அந்தப் பாட்டிலேயே நன்றாக இருந்தது அது ஒன்றுதான். சில நாளில் பாட்டு எல்லாத் தளங்களிலிருந்தும் இறக்கப்பட்டது. விநியோகம் செய்த நிறுவனம் எங்கள் கணக்கையும் முடக்கியது. உரிமை வைத்திருந்த இசை நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினோம். பதில் வரவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஆறு விநாடி வரை எடுக்கலாம்’, ‘எட்டு விநாடி வரை பரவாயில்லை’ என்று பையன்கள் மத்தியில் ஒரு பேச்சு ஓடுகிறது. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே கிடையாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. இசையமைப்பும் வரிகளும் ஒன்று, அது படைத்தவர் காலமான பிறகும் 70 ஆண்டு நீடிக்கும். ஒலிப்பதிவு மற்றொன்று, அது வெளியான பிறகு 70 ஆண்டு. இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். 

தம்பி விடவில்லை. “அண்ணே, டூம் மட்டும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டா எடுத்தாரு?” என்றான்.

அவன் சொன்னது எம்எஃப் டூமை. டேனியல் டூமிலே என்ற அந்த நியூயார்க்காரர் தன் தம்பி சப்ராக்கோடு கேஎம்டி என்ற குழுவில் இருந்தவர். 1993இல் சப்ராக் கார் மோதி இறந்தார். மறு ஆண்டு, முடித்து வைத்திருந்த ஆல்பத்தை வெளியிடாமல் நிறுவனம் குழுவைக் கைவிட்டது. சில வருடம் கண்ணில் படாமல் இருந்தவர், முகத்தை மூடிக்கொண்டு மேடைக்குத் திரும்பி, 1999இல் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ என்ற தன் முதல் தனி ஆல்பத்தை பாபிட்டோ கார்சியாவின் ஃபாண்டில் எம் என்ற சிறிய நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தார். அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் என்றால் உலகம் முழுக்க இன்றைக்கும் அந்த ஆல்பத்தைக் காட்டுவார்கள். அதன் தலைப்புப் பாட்டு ஷாடே பாடிய 1990களின் பாட்டொன்றின் மேல்தான் நடக்கிறது.

ஆனால் டூமின் காலத்திலேயே வாசல் பாதி சாத்தியிருந்தது. 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம், கேட்காமல் எடுப்பது திருட்டு என்று தீர்ப்பளித்துவிட்டது. சிறிய நிறுவனம், கொஞ்சம் இசைத்தட்டு, யார் கண்ணிலும் படாத கடைகள் என்று அன்றைக்கு ஒரு சந்து இருந்தது. இன்றைக்குப் பாட்டை ஏற்றும்போதே கணினி அதன் ஒலிரேகையைப் பார்த்துவிடுகிறது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிவிட்டு, மனதில் இருந்ததையும் கேட்டேன். “டூம் அந்த ஆல்பத்துல யாரை நெனச்சுப் பாடுனாரு? அவரோட தம்பிய. நீ யாரை நெனச்சுப் பாடுற?”

அவன் பதில் சொல்லாமல் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, “எல்லாத்தையும் போட்ருவோம்ணே” என்றான். தொடக்கத்தில் சொன்ன ஞாயிறு அதுதான்.

புளோக்குக்குக் கீழே

2019இல் அவன் தேசிய சேவையில் இருந்தபோது அவன் தாத்தா காலமானார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகாமிலிருந்து சீருடையோடு வந்தவன் மாடிக்குப் போகவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்திலேயே எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், கச்சான், பொட்டல பானம். எதிர் புளோக்கின் கீழே அதே நேரம் ஒரு மலாய்க் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இது புதிதில்லை. ஒரே மாதிரியான இரண்டு தளங்கள், ஒன்றில் சாவு, ஒன்றில் கொம்பாங் மேளம். சாவு வீடு என்று தெரிந்ததும் அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் ஒத்திகையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்களாம். அவன் இதைச் சொல்லும்போது குரல் உடையும்.

அன்றைக்கு ராத்திரி அவனுடைய அப்பாயி ஒப்பாரி சொன்னார். தங்கச்சி அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருந்தாள். நான்கு நிமிடமும் சில விநாடிகளும். நாற்காலி இழுபடும் சத்தம், லிஃப்ட் மணி, யாரோ இருமுவது எல்லாம் அதில் இருக்கிறது. ஏழு பாட்டையும் ஓரங்கட்டிய பிறகு ஒருநாள் அவன் அதை என்னிடம் போட்டுக் காட்டினான். அவன் நினைத்தது, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வயலின் இருந்த இடத்தில் வைக்கலாம் என்று. நான் ஹெட்போனில் அதை ஒன்பது பத்துத் தடவை கேட்டேன். தொழில் புத்தி, ஒலி தேறுமா என்றுதான் முதலில் பார்த்தேன். ஐந்தாவது தடவைக்கு மேல் வேறொன்று காதில் விழ ஆரம்பித்தது.

அப்பாயி வரிகளை முடித்த இடத்தில் ஒத்த ஒலி எதுவுமே இல்லை. ஒன்று அய்யா என்று முடியும், ஒன்று விம்மலில் முடியும், ஒன்று மூச்சில். ஆனால் ஒவ்வொரு வரியும் தொடங்கும் சொல்லில் இரண்டாவது எழுத்து ஒன்றுபோலவே விழுந்தது. நான்கு வரிக்கு ‘ண்ட’. அதற்குள் தகனச் சாலை இருக்கும் மண்டாயையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். அடுத்த நான்குக்கு வேறோர் எழுத்து. எங்கும் தவறவில்லை. கணவர் உடல் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே இதைச் செய்திருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் பிறந்து, 1960களில் கல்யாணமாகி ரஜூலா கப்பலில் வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை.

நமக்கு இதன் பெயர் தெரியும். எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருப்பது. எல்லோரும் படித்ததுதான். படித்ததை யாரும் காதால் கேட்டதில்லை. நாங்கள் இருவரும் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு தாளத்தோடு வைத்துப் பார்த்தோம், அங்கேதான் விஷயம் பிடிபட்டது. தமிழ்ச் செய்யுளில் நான்கு சீர் கொண்ட அடிக்கு அளவடி என்று பெயர். ஹிப்ஹாப்பில் ஒரு பார் என்பது நான்கு தட்டு. சீருக்கு ஒரு தட்டு என்று வைத்தால் ஓர் அளவடி ஒரு பாரில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. எதுகை விழுவது முதல் தட்டில், அதாவது கிக் என்ற கனத்த மேள அடி விழும் இடத்தில். ஒரே அடியில் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை வந்தால் பொழிப்பு மோனை என்பார்கள். அது சரியாக இரண்டாவது கிக்கின் மேல் விழுகிறது. ஆங்கில ராப்பில் ஒத்த ஒலி பெரும்பாலும் பாரின் கடைசியில், நான்காவது தட்டில் விழும் ஸ்னேர் மேளத்தை ஒட்டி வரும். நம் யாப்பு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனக்கிறது. ஏழு பாட்டிலும் நாங்கள் வண்டியைப் பின்பக்கம் கட்டி இழுத்திருக்கிறோம்.

அவன் முதலில் எழுதி வந்த நான்கு வரி இது. ஆல்பத்தில் இரண்டாவது பாட்டின் தொடக்கம்:

பட்டாளம் விட்டு வந்தேன்
கட்டில்ல தாத்தா இல்ல
ரொட்டி நனைச்ச கோப்பி
தட்டுல காயுது லா

இதில் கடைசிச் சொற்கள் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. தலையில் மட்டும் பட்டா, கட்டி, ரொட்டி, தட்டு. ‘ட்ட’வைச் சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் காற்று நின்றுவிடும், பிறகுதான் திறக்கும். அந்தச் சின்ன அடைப்பே ஒரு மேளத் தட்டுதான். கிக்கின் மேல் அது வந்து உட்காரும்போது கூடுதலாக எந்த ஒலியும் தேவைப்படவில்லை. கவனியுங்கள், ஒவ்வொரு வரியிலும் மூன்றே சீர். நான்காவது தட்டு காலி. ஆங்கிலப் பழக்கத்தில் ஒத்த ஒலி வந்து விழ வேண்டிய இடத்தில் இங்கே மௌனம் இருக்கிறது. நான் இதுவரை மிக்ஸ் செய்ததிலேயே எனக்குப் பிடித்த மௌனம் அது.

‘கட்டில்ல’, ‘நனைச்ச’, ‘கோப்பி’, ‘லா’. சொற்களும் வீட்டுக்கு வந்துவிட்டன. தலையில் விழும் எதுகை வாலைப் போல எளிதில் கிடைக்காது, சொல்லைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. தேடுகிறவனுக்குத் தன் வாயில் புழங்கும் சொல்தான் கைக்கு வரும். சென்னை அடியாள் குரல் தானாகவே போய்விட்டது, நாங்கள் அதற்கென்று எதுவும் செய்யவில்லை.

கேட்டோம், மறுத்தார்

ஒப்பாரியைப் பாட்டில் வைக்கும் யோசனை அவனுக்கு இன்னும் போகவில்லை. அப்பாயியிடம் கேட்போம் என்றான். சட்டப்படியும் கேட்கத்தான் வேண்டும், நிகழ்த்தியவருக்கு உரிமை உண்டு. நானும் கூடப் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பதிவைப் போட்டுக் காட்டவில்லை, அது சரியில்லை என்று தோன்றியது. வாயால் சொன்னோம்.

“சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதுய்யா” என்றார்.

“பாட வேணாம் அப்பாயி, அன்னிக்குப் பாடுனதே இருக்கு.”

“அது எங்க இருக்கு? அது அவருக்குச் சொன்னது, அவரோட போயிருச்சு.” கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, “ஊர்ல யாரோ வீட்டுல கல்யாணமா இருக்கும். அவுக கைப்பேசியில எங்க வீட்டு எழவு ஒலிக்கணுமாப்பா?” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. எதிர் புளோக்கில் ஒத்திகையை நிறுத்திய கல்யாண வீட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பதிவை எடுக்கவில்லை. அவர் சொன்ன வரிகளை இங்கேயும் எழுதவில்லை, மண்டாய் என்ற ஒரு சொல்லைத் தவிர. அதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன். ‘நான் செஞ்சத வெச்சு அவன் சொந்தமா எழுதட்டும், அதுக்கு யாரும் குறுக்க நிக்க மாட்டாக’ என்றும் சொன்னார். ஆல்பத்தில் பங்களித்தவர் பட்டியலில் இசை, குரல், பதிவு எல்லாவற்றுக்கும் முன்னால் ‘எதுகை: அப்பாயி’ என்று ஒரு வரி இருக்கிறது.

உறுமி

வயலினும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அந்தக் காலியான நான்காவது தட்டில் என்ன வைப்பது என்று இரண்டு வாரம் திண்டாடினோம். கோயில் திருவிழாக்களில் நான் வருடக்கணக்காக மைக் வைத்துவரும் ஒரு கருவி என் முன்னாலேயே இருந்தது, கையை நீட்ட எனக்குத்தான் தோன்றவில்லை.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது ஒலி கீழிருந்து மேலே ஏறி முனகும். ஹிப்ஹாப்பில் 808 என்று சொல்லும் அடித்தள ஒலியைச் சறுக்கவிட்டு என்ன உணர்ச்சியைத் தேடுகிறார்களோ, அது இந்தத் தோலில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் ஒரு பையனை அழைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறை ஒன்றில் பதிவு செய்தோம். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் உறுமி வாசித்தால் பத்து மாடியும் எழுந்து வந்துவிடும். முகத்துக்கு ஒரு மைக். தேய்க்கும் பக்கத்து மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன். நெருக்கி வைத்தால் குச்சி தோலில் சிக்கிச் சிக்கி நகரும் சத்தம்தான் வரும், முனகல் வராது.

அந்தப் பையன் வாசித்தது திஸ்ர நடை, மூன்று மூன்றாக. எங்கள் தாளம் நான்கு. முதல் ஒரு மணி நேரம் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிறகு நான்கு தட்டில் ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தோம், தகிட தகிட தகிட தகிட. பாருக்குப் பன்னிரண்டு. நிமிடத்துக்கு 84 தட்டு வேகத்தில் அது நிதானமாக நடந்தது. ‘பட்டாளம்’ என்ற சொல் பட், டா, ளம் என்று மூன்று அசையாக ஒரு தகிடவில் உட்கார்ந்தது, யாப்பில் இதைத் தேமாங்காய் என்பார்கள். தம்பி அதைச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. உறுமியின் முனகலை நான்காவது தட்டில் மட்டும் விட்டேன். அதோடு போட்டியிட்ட 808ஐ அந்தப் பாட்டிலிருந்து முழுக்க எடுத்துவிட்டேன். இரண்டும் அடியில் ஒரே இடத்தில் சறுக்கினால் எதுவும் காதுக்குத் தெளியாது.

அலமாரி அளவு அறை

குரல் பதிவு ஈசூனில் அவன் வீட்டில்தான். அங்கே எம்ஆர்டி தரைக்கு மேலே ஓடும், சன்னலை மூடினாலும் ரயில் உள்ளே வரும். விடியற்காலை என்றால் குயில். கவிதையில் குயில் இனிமை, சிங்கப்பூரில் காலை ஐந்தரை மணிக்கு அது கூவுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும் மைக்குக்கு அது என்ன செய்யும் என்று. முதல் ஏழு பாட்டுகளில் உணர்திறன் கூடிய கண்டன்சர் மைக்கைப் பயன்படுத்தினேன், எல்லாமே அதில் ஏறியிருந்தது. 

இந்த முறை பாம் ஷெல்டருக்குள் போனோம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை இருக்குமே, எல்லோரும் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் போட்டு வைப்பது. ரயில் சத்தம் நின்றது. ஆனால் 1.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு கான்கிரீட் சுவர் எதிரெதிரே நின்றால் ஏறத்தாழ 95 ஹெர்ட்ஸில் ஒலி வீங்கும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான். பெட்டிக்குள் பேசுவதுபோல இருந்தது. வீட்டிலிருந்த மெத்தை, கம்பளி, தீபாவளிக்கு வாங்கிப் பிரிக்காத துணி வரைக்கும் உள்ளே அடைத்தோம். மேடையில் பயன்படுத்தும் ஷூர் எஸ்எம்58 மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்தேன். உள்ளே காற்றே கிடையாது, இரண்டு தடவை பாடிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவான். இரவு பத்தரைக்கு மேல் பதிவு இல்லை என்று அக்கம்பக்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

ஒலியளவு பற்றி ஒன்று. முதல் ஏழை, பாட்டின் சத்தத்தை அளக்கும் லஃப்ஸ் என்ற அலகில் மைனஸ் 8 அளவுக்கு நெருக்கித் தள்ளியிருந்தேன், சத்தமாக இருந்தால்தான் ராப் என்ற எண்ணத்தில். ஸ்போட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 பக்கம் கொண்டுவந்துவிடும். ஆக நெருக்கியதன் பலன் கேட்பவருக்குப் போய்ச் சேராது, சேதம் மட்டும் சேரும். அதோடு நெருக்கினால் மௌனத்துக்குள் இருக்கும் இரைச்சல் மேலே வந்துவிடும். அந்த நான்காவது தட்டு செத்துப்போகும். இந்த முறை நெருக்கவில்லை.

வெளியான பிறகு

ஒன்பது பாட்டுக்கும், ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீடு வாங்கினோம், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்டது. வரிகளையும் இசையையும், படைத்தவர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் காம்பஸ் அமைப்பில் பதிந்தோம். ஸ்போட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்குப் பதிவுரிமைப் பணம் கிடையாது. எங்கள் ஒன்பதில் மூன்று அந்தக் கோட்டைத் தாண்டின, அவற்றில் ஒன்று பட்டாளம் பாட்டு. காசாக வந்தது ஜாமிங் அறை வாடகைக்கும் காணாது. 

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கல்யாண மேடைகளில் ஒலி அமைக்கப் போகும்போது பையன்கள் சிலர் வந்து அந்த நான்கு வரியைச் சொல்லிக் காட்டுகிறார்கள். சொல்லும்போது தலையில் தட்டுகிறார்கள், வாலில் தட்டவில்லை. ஒருவன் ‘ங்க’ எதுகையில் எட்டு வரி எழுதியிருந்தான், தெம்பனிஸில் தன் அம்மா வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையைப் பற்றி. ஆறாவது வரியில் எதுகைக்காக ஒரு பொய் சொல்லை நுழைத்திருந்தான், அதை எடு என்றேன். மற்றவை நன்றாக இருந்தன.

அப்பாயிக்குத் தம்பி பாட்டைப் போட்டுக் காட்டியது வெளியாகி மூன்று வாரம் கழித்து, சமையலறையில், கைத்தொலைபேசி ஒலிபெருக்கியில். நானும் இருந்தேன். முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு,

“எப்படா ஒந்தாத்தா ரொட்டிய நனைச்சாரு?” என்றார். “அவருக்கு நனைச்ச ரொட்டி ஆகாது. வெறும் கோப்பிதான். தட்டுல ஊத்தி ஆத்திக் குடிப்பாரு, ஒரு சொட்டு விடமாட்டாரு.”

தம்பி என்னைப் பார்த்தான். நானும் அவனைத்தான் பார்த்தேன். ஆல்பத்தில் அந்த வரி ரொட்டியோடுதான் இருக்கிறது, வெளியானதை இனி மாற்ற முடியாது. மேடையில் இப்போது அவன் இப்படிப் பாடுகிறான்:

பட்டாளம் விட்டு வந்தேன்
கட்டில்ல தாத்தா இல்ல
சொட்டு விடாத மனுசன்
தட்டுல காயுது கோப்பி